எட்டு வரி ஜன்னல்

எங்கள் கட்டுப்பாட்டு அறை ஒரு காலத்தில் வெண்ணெய் எடுக்கும் ஆலையாக இருந்தது. கோடையில் சுவரிலிருந்து புளித்த பால் வாடை கசியும். குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய்கள், உள்ளே யாரோ சிறு சுத்தியலோடு உட்கார்ந்து தட்டுவதுபோலச் சத்தமிடும். வாடைக்கும் சத்தத்துக்கும் நாங்கள் பழகியிருந்தோம். அந்தப் பிப்ரவரிக் காலையில், காலணியில் ஒட்டிய பனியை உதறிவிட்டு உள்ளே நுழையப் போனபோது, பழகாத ஒன்று கதவில் தொங்கியது. பித்தளைப் பெயர்ப் பலகை. 'செயல்பாட்டுத் தொலைநோக்கு மையம்' என்றது அது.

உள்ளே அதே இரண்டு நாற்காலிகள், அதே காப்பிக் கறை, அதே மார்லிஸ்.

"வா, தொலைநோக்கு. கதவைச் சாத்து, குளிருது," என்றாள்.

"ஜன்னலே இல்லாத ரூமுக்குத் தொலைநோக்கா?"

"அதனாலதான் பலகை. இல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

மினசோட்டாவின் வடக்கே, ஆட்களைவிட ஏரிகள் அதிகமாக உள்ள பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் எங்களுடையது. கம்பிகள் காட்டுக்குள் போகின்றன. காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறும், கம்பி அறுந்தால் லைன்மேன் ஏறுவான். நானும் மார்லிஸும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து எந்த லைன் செத்திருக்கிறது, எது உயிரோடிருக்கிறது என்று அவனுக்குச் சொல்வோம். நாங்கள் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் ஒருவன் கம்பத்திலேயே கருகிப்போவான். இதற்குத் தொலைநோக்கு தேவையில்லை. முழித்திருந்தால் போதும்.

பலகையை மாட்டியவர் பிரெஸ்டன், எங்கள் புதிய மேலாளர். மினியாபொலிஸில் ஒரு தயிர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தார். தயிரும் மின்சாரமும் ஒன்றுதான், இரண்டும் உரிய நேரத்தில் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர வேண்டும் என்று முதல் கூட்டத்தில் சொன்னார். லைன்மேன்கள் கைதட்டினார்கள். அவர்கள் அப்படித்தான், எதற்கும் தட்டுவார்கள். அப்புறம் கொட்டகைக்குப் போய்ச் சிரிப்பார்கள்.

பலகைக்கு முன்பே இன்னொரு சீர்திருத்தம் நடந்திருந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்களிடம் ஒவ்வொரு லைன்மேனுக்கும் ரேடியோவில் ஓர் எண் உண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அந்த வரிசையில் பதினொன்று மட்டும் யாரிடமும் இல்லாமல் இருந்தது. அது வெர்லின் அஹோவின் எண். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மார்ச் மாதத்திலும் பனி இறுகிக் கிடக்கும் என்று நம்பி, உறைந்திருந்த டாமராக் ஏரியின் மேல் வண்டியை ஓட்டினான் வெர்லின். ஏரி நடுத் தீவில் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லையாம். ஏரி அவனை வண்டியோடு எடுத்துக்கொண்டது. கோடையில் முக்குளிப்பவர்கள் வந்து தேடிவிட்டு, அடியில் வெறும் சேறுதான், எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை என்று கையை விரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பதினொன்றைக் கொடுக்கவில்லை. அது விதி என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

பிரெஸ்டனுக்குத் தெரியாது. வரிசையில் ஓட்டை இருப்பது நிறுவனத்தின் மனத்தில் ஓட்டை இருப்பதற்குச் சமம் என்று சொல்லி, ஒன்றிலிருந்து பதினைந்து வரை எல்லோருக்கும் புதிதாக எண் கொடுத்துவிட்டார். பதினொன்று போய் விழுந்தது டேரல் கிவிஸ்டோவின் தலையில்.

டேரல் மார்லிஸின் புருஷன்.

"ஒரு நம்பருக்காக வேலையை விட்டுரச் சொல்றியா?" என்று அவன் அவளிடம் கேட்டதை நான் கேட்டேன். உரத்த குரல்காரன். கெட்ட வார்த்தை கலக்காமல் அவனால் உப்பைக்கூட எடுத்துத் தரச் சொல்ல முடியாது. "செத்தவன் வந்து என் ஹெல்மெட்டைப் புடுங்கிட்டுப் போவானா? வரட்டும். ஒரு பீர் வாங்கிக் குடுத்து அனுப்புறேன்."

அன்றிலிருந்து ரேடியோவில் அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும், மார்லிஸ் மைக்கை ஒருமுறை கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

பலகை தொங்கிய அன்று மதியத்துக்கு மேல் உறைமழை என்று வானிலை எச்சரிக்கை. மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும் மழை. எங்கள் தொழிலில் அதைவிட மோசமானது கிடையாது, அதற்காகக் காத்திருப்பதைத் தவிர. லைன்மேன்கள் வண்டிச் சக்கரங்களில் பனிச் சங்கிலி மாட்டிவிட்டார்கள். ரேடியோ சும்மா கரகரத்தது. மார்லிஸ் காகிதக் கோப்பையின் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மேசையில் சிறு குவியல் போட்டாள். எனக்குக் கை நிலைகொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பூட்டியிருந்த அலமாரி பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"உக்காருய்யா. நீ நடக்குற நடையில தரை தேஞ்சுரும்," என்றாள்.

"ஏதாவது விளையாடலாமா?"

"எதுல? அந்தப் புண்ணியவான்தான் இன்டர்நெட்டை எல்லாம் அடைச்சுட்டாரே."

அடைத்தது உண்மைதான். ஆனால் கணினிக்கு எழுத்தில் கட்டளையிடும் டெர்மினலை அடைக்கவில்லை. அது என்னவென்றே பிரெஸ்டனுக்குத் தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால் உலகத்தில் எந்த மேலாளரும் அதை வேலை என்றுதான் நினைப்பார். என் சக ஊழியர்களில் பலர் இந்த ஒரே உண்மையை நம்பி ஓய்வுபெறும் வயதுவரை வந்திருக்கிறார்கள். கறுப்புத் திரைக்கென்றே எழுதிய விளையாட்டுகள் உண்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். ஒரு வரி கட்டளை அடித்தால் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

நான் தேர்ந்தெடுத்தது பதினைந்து எண் ஆட்டம். நாலுக்கு நாலு கட்டம். பதினைந்து எண்கள், ஒரு காலி இடம். காலி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை அதற்குள் தள்ளலாம், அவ்வளவுதான். தள்ளித் தள்ளி எண்களை வரிசைப்படுத்த வேண்டும். கவனித்துப் பார்த்தால் இந்த ஆட்டத்தில் எதுவும் வெளியே போவதில்லை, எதுவும் புதிதாக வருவதுமில்லை. எண்ணும் வெறுமையும் இடம் மாற்றிக்கொள்கின்றன.

கட்டளையை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். வழக்கமாகப் பத்து இருபது வரிகள் சரசரவென்று ஓடும். ஓடவில்லை. ஒரே ஒரு வரி வந்தது.

இந்த ஆட்டம் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது.

"எப்பவோ போட்டு மறந்துட்டேன் போல."

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "ஆர்டன், எந்த ஜன்னல்ல அடிச்ச?"

"என்னோடதுலதான்."

"உன்னோடது இடது பக்கம் இருக்கு. அது பெர்த்தா."

இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு அது. திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருக்கும். ஒன்று உன் கணினி, மற்றது வேறெங்கோ உள்ள ஒன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றுக்குச் சொல்ல வேண்டியதை மற்றதற்குச் சொல்லிவிடுவோம். பெர்த்தா என்பது நிலவறையில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரம். எங்கள் சுவரில் உள்ள பெரிய திரைக்குப் படம் வரைவது அதுதான். அதை அணைத்தால் வேறு என்னென்ன அணையும் என்று தெரியாததால் யாரும் அணைத்ததில்லை.

அதில் யார் விளையாட்டு ஏற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் கை நிலைகொள்ளவில்லை என்று சொன்னேனே. ஆட்டத்தின் பெயரை அடித்தேன்.

புதிய ஆட்டமா என்று கேட்கவில்லை. பாதியில் விட்ட ஆட்டம் ஒன்று திறந்தது.

எல்லா எண்களும் வரிசையில் இருந்தன, ஒன்றைத் தவிர. பதினொன்று இருக்க வேண்டிய இடம் காலி. பதினொன்று கடைசி மூலையில், வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த மாணவன்போல ஒதுங்கி நின்றது.

அழகாகத்தான் இருந்தது. இரண்டு நிமிஷம் கழித்துத்தான் என் முதுகில் குளிர் ஏறியது. இந்த ஆட்டத்தை நான் வெகுகாலம் ஆடியவன். வரிசையில் தொடங்கி எப்படித் தள்ளினாலும் இந்த நிலைக்கு வந்து சேர முடியாது. கணக்கு விடாது. யாராவது பதினொன்றைக் கையால் பெயர்த்தெடுத்து மூலையில் வைத்திருந்தால்தான் உண்டு.

"என்ன?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணுமில்ல."

ஏதாவது ஒன்றைத் தள்ளிப் பார்க்கலாம் என்று விசையைத் தொட்டேன்.

ஜன்னல் சுருங்கியது.

என் திரை பெரியது. அதன் முழு உயரத்துக்கும் இருந்த கறுப்பு, சட்டென்று மேல் மூலைக்கு ஒடுங்கியது. மிச்ச இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நிரம்பியது.

இதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். பெர்த்தாவில் எதைத் திறந்தாலும் பொதுத் திரையில்தான் திறக்கும். ஒரே திரையைப் பல பேர் பல இடத்திலிருந்து பார்க்கலாம். பார்ப்பவர்களில் யாருடைய ஜன்னல் மிகச் சிறியதோ, அந்த அளவுக்கு எல்லோருக்கும் சுருங்கிவிடும். ஆகவே திரை சுருங்கினால், சின்ன ஜன்னலோடு இன்னொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பெர்த்தாவையே கேட்டேன். என் பெயரை மட்டும் சொன்னது.

சுருங்கிய ஜன்னலில் எத்தனை வரி என்று பார்த்தேன். எட்டு.

"மார்லிஸ், எட்டு வரித் திரை நம்மகிட்ட எங்க இருக்கு?"

"இப்ப எங்கயும் இல்ல. முன்னாடி வண்டிக்குள்ள வெச்சிருந்தாங்கல்ல, கைப்பிடி போட்ட சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி? அதான் எட்டு வரி. எல்லாத்தையும் கழட்டிட்டாங்களே."

எல்லாவற்றையும் இல்லை. ஒரு வண்டியிலிருந்து கழற்றவில்லை. அந்த வண்டி எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

மூடிவிடு என்று மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

பிரெஸ்டன். பின்னால் சங்கத்தின் இயக்குநர்கள். அவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற பால் பண்ணைக்காரர்கள். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு சாப்பாடு என்ற இரண்டு கொள்கைகளுக்காக வாழ்கிறவர்கள். கையில் தட்டு, தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் மேலே போட்டு வேகவைத்த ஹாட்டிஷ். முன்னால் நின்றவர் தலைவர் ஹால்வர். தொப்பையைத் தள்ளிக்கொண்டு அறையை நோட்டம் விட்டார்.

"இதுதான் மையம்," என்றார் பிரெஸ்டன். பிறகு என் திரையைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். எண்ணினார் என்றே நினைக்கிறேன், உதடு அசைந்தது. "ஆர்டன்! இது என்ன? பதினைந்து… பதினைந்து லைன்மேன்! யார் எங்க இருக்காங்கன்னு காட்டுற களப் பலகையா? நான் கேக்காமலே செஞ்சிருக்கீங்களா?"

இது விளையாட்டு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். இயக்குநர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது.

"சும்மா… முயற்சி பண்ணிப் பாத்தேன்."

"சுவர்ல போடுங்க! பெரிய திரையில!"

போட்டேன். ஆள் உயரத்துக்குச் சுவரில் எண்கள் எழுந்தன. சுற்றிலும் புள்ளிகள்.

"அந்தப் புள்ளியெல்லாம் என்னப்பா?" என்று கேட்டார் ஹால்வர்.

"வாடிக்கையாளர்கள்," என்றார் பிரெஸ்டன், யோசிக்காமல்.

அப்போது மழை வந்தது. ஜன்னல் இல்லாத அறையில் மழை வருவதைக் கூரைதான் சொல்லும். முதலில் அரிசி சிந்துவதுபோல. பிறகு யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல. தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. கிழக்கே ஒரு லைன் போயிற்று. தெற்கே இரண்டு. நாங்கள் வேலையில் இறங்கிவிட்டோம், சுவரைப் பார்க்க நேரமில்லை. டாமராக் ஏரிச் சாலையில் கம்பி அறுந்ததும் அங்கே பக்கத்தில் இருந்தவன் டேரல்தான். அவனோடு ஈனோ, வயதானவர், கீழே நின்று கவனிப்பவர்.

"ஆபீஸ், பதினொண்ணு," என்றது ரேடியோவில் டேரலின் குரல். "இந்த நாசமாப்போன லைன் செத்துருச்சா? என் விரலெல்லாம் ஏற்கெனவே செத்துருச்சு."

நான் லைனைத் துண்டித்து, பூட்டி, இருமுறை பார்த்தேன். "பதினொண்ணு, ஆபீஸ். லைன் உன்னோடது. நீ சொல்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க."

"சரி, ஏறுறேன். மார்லிஸ், ராத்திரிக்கு அந்த மீனை மட்டும் சமைச்சு வெச்சுராத, உன் காலைத் தொட்டுக் கேக்குறேன்."

இயக்குநர்கள் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். அன்றைக்கு அவள் முதல் முறை சிரித்தது அப்போதுதான்.

"ஆஹா, நகருது பாருங்க! நேரலை!" என்றார் பிரெஸ்டன்.

திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

என் கை ரேடியோவில் இருந்தது. விசைப்பலகை என் முழங்கைக்கு அப்பால், தொடாமல் கிடந்தது.

ஆறு இறங்கியது. ஏழு ஒதுங்கியது. அவசரம் இல்லை. ஒரு நகர்வு, ஒரு இடைவெளி. யோசித்து ஆடும் ஆள். காலி இடம் கட்டத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து சென்றது. எந்த எண்ணையும் வரிசைப்படுத்த அது முயலவில்லை. மூலையில் நின்ற பதினொன்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில் குழாய்கள் தட்டின. குழாய் தட்டும்போதெல்லாம் ஓர் எண் நகர்ந்தது.

"ஆர்டன்," என்றாள் மார்லிஸ், குரலே எழாமல். "நிறுத்து."

நிறுத்தும் விசையை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். ஜன்னலை மூடினேன். என் திரையில் மூடியது. சுவரில் மூடவில்லை.

அறை விளக்குகள் ஒருமுறை மினுங்கின. பண்ணைக்காரர் ஒருவர் தன் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டார்.

"எனக்கு அந்தக் கவலையே இல்லை," என்றார் ஹால்வர், வாயில் உருளைக்கிழங்கோடு. "உங்களை எல்லாம் நம்பி நான் இருட்டுல உக்காரணுமா? கொட்டாயில ஜெனரேட்டர் வெச்சிருக்கேன். துணி காயப்போடுற மெஷின் பிளக்கில சொருகிட்டா வீடு முழுக்க எரியும். இப்பத்தான் என் வீட்டுக்காரி டோரிஸ் போன் பண்ணா. கரண்ட் போச்சாம். ஸ்டார்ட் பண்ணுடின்னு சொல்லிட்டேன்."

சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு வருஷமும் உறுப்பினர்களுக்கு அதைச் செய்யாதீர்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர். வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகினால் மின்சாரம் வீட்டோடு நிற்காது. வந்த வழியே திரும்பிக் கம்பிக்குப் போகும். செத்த லைன் உயிர் பெறும்.

"உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

"டாமராக் ஏரிச் சாலையில. ஏன்?"

மார்லிஸ் ஏற்கெனவே ரேடியோவைப் பிடுங்கியிருந்தாள்.

"பதினொண்ணு, ஆபீஸ். இறங்கு. டேரல், கையை எடு, இறங்கு!"

சுவரில் காலி இடம் பதினொன்றின் பக்கத்தில் வந்து நின்றது.

கரகரப்பு.

"டேரல்!"

பதினொன்று மறைந்தது.

நகரவில்லை. மறைந்தது. நாலுக்கு நாலு கட்டத்தில் இப்போது இரண்டு காலி இடங்கள்.

ஹால்வரின் முள்கரண்டி தட்டிலிருந்து விழுந்தது. அவர் தடுமாறித் தொலைபேசியை எடுத்து, "டோரிஸ், அதை அணை, ஏன்னு கேக்காத, அணைடி!" என்று கத்தினார். பிரெஸ்டன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்திருக்கலாம். அதைச் சொல்வதற்குப் பதில் சுவரிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்.

ரேடியோவில் ஈனோவின் குரல் வந்தது. ஓடிக்கொண்டே பேசினார். "ஆபீஸ், நீல வெளிச்சம் வந்துச்சு. பெல்ட்ல தொங்குறான். கூப்பிட்டா பேசல. தலை தொங்கிருச்சு. கடவுளே, பேசல…"

மார்லிஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. சுவரைப் பார்த்து மிக மெல்ல, யாரிடமோ பேரம் பேசுவதுபோலச் சொன்னாள்.

"குடுத்துரு. அவனை அனுப்பிரு. என்ன வேணா எடுத்துக்கோ."

குழாய்கள் நின்றன.

கூரையில் மழை மட்டும்.

மூலையில் பதினொன்று மறுபடி தெரிந்தது. மெதுவாக நகர்ந்தது. அதன் வழியிலிருந்து மற்ற எண்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. தன் இடத்தில் போய் அது நின்றது. எல்லாம் வரிசையாயிற்று. ஆட்டம் முடிந்தது.

ஜன்னல் விரிந்து சுவர் முழுவதும் நிறைந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார்.

"ஆபீஸ், பதினொண்ணு," என்றது ரேடியோ. டேரலின் குரல். நிதானமான குரல். "எனக்கு ஒண்ணும் இல்லை. இறங்குகிறேன். கவலைப்பட வேண்டாம்."

மார்லிஸ் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். இயக்குநர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். டேரல் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஈனோ என்னிடம் தனியாகச் சொன்னது அடுத்த வாரம். ஏறிச் சோதித்தபோது லைன் செத்துத்தான் இருந்தது, பாதுகாப்புக்குத் தரைக்கம்பி கட்டக் கை நீட்டிய நேரத்தில் அடித்தது என்றார். பிறகு கொட்டகையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"ரேடியோவுல அவன் பேசுனான்ல? அப்ப நான் கம்பத்துக்கு நேர் கீழ நின்னு அவனைப் பாத்துக்கிட்டிருக்கேன். தாடை நெஞ்சுல கிடக்கு. உதடு அசையல, ஆர்டன். குரல் மட்டும் வந்துச்சு. பேசி முடிச்சதுக்கு அப்புறம்தான் தலையைத் தூக்குனான்."

"குளிர்ல உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

"இருக்கலாம்," என்றார் ஈனோ. மறுநாள் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டார்.

மருத்துவமனையில் டேரலின் உள்ளங்கையில் ஒரு காய்ப்புத் தழும்பு அளவுக்குத் தீக்காயம் இருப்பதாகச் சொன்னார்கள், வேறொன்றும் இல்லையாம். ஹால்வர் உடல்நலக் காரணங்களுக்காகத் தலைவர் பதவியை விட்டார். களப் பலகை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று பிரெஸ்டன் சங்கத்தின் மாத இதழில் எழுதினார், தன் படத்தோடு. பலகை எங்கே என்று அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகிக்கொண்டார். நான் பெர்த்தாவில் அந்த ஆட்டத்தை அழிக்கப் போனேன். அப்படி ஒன்று இங்கே எப்போதும் இருந்ததில்லை என்றது அது.

மார்லிஸ் வேலைக்குத் திரும்பினாள். பல நாள் அவள் டேரலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் தானாகவே ஆரம்பித்தாள்.

"ரொம்ப மாறிட்டான். பாத்திரம் கழுவுறான். கத்துறதே இல்லை. மீன் குடுத்தா சாப்பிடுறான்."

"நல்லதுதானே? எத்தனை பொண்டாட்டி இதுக்காக சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறா."

"ம். இந்த வயசுல சிகரெட் பழகியிருக்கான், அது ஒண்ணுதான்." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "ஆர்டன்… அவன் வந்துட்டான்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"வந்துட்டான்."

"ஆமா," என்றாள். "வந்துட்டான்."

மார்ச் முதல் வாரத்தில் வடக்கிலிருந்து கடும் குளிர் இறங்கியது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தும் குளிர். காலையில் வண்டி நிறுத்தும் முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பிரெஸ்டன் பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கிவைத்தார். நல்ல வெயில். அவர் பேசப் பேச வாயிலிருந்து வெண்ணிற ஆவி மேகம் மேகமாகக் கிளம்பியது. எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம். ஈனோ கொட்டாவி விட்டார், ஆவி. மார்லிஸ் கைகளை ஊதிக்கொண்டாள், ஆவி. இருபது பேர் வாயும் புகைக்கூண்டுபோலப் புகைந்தன.

பிரெஸ்டன் தயிர் காலத்து நகைச்சுவை ஒன்றைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டேரல் எனக்கு எதிரே நின்றிருந்தான். அவனும் சிரித்தான், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, பழைய டேரல் மாதிரியே.

அந்த வாயிலிருந்து ஆவி ஒன்றும் வரவில்லை.

இதமான கோடைக் காலையில் ஒருவன் சிரிப்பதுபோல, காற்று தெளிவாக இருந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவன் சிரிப்பை நிறுத்தினான். மார்லிஸ் அவன் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்கு மேலாக என்னை நேராகப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தான். ஆழமாக இழுத்தான். பிறகு, என்னைப் பார்த்தபடியே, வாயைத் திறந்தான்.

இப்போது அவன் வாயிலிருந்தும் புகை வந்தது, எல்லோரையும் போல.